மின்விசிறிக்குத் தடை: லாயாங் லாயாங்கில் ஒரு மங்கா அறைக்குள்

செருப்பைத் தண்ணீர்க் குழாய் ஓரமாக விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வாருங்கள். முன்வாசல் கதவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன, அது திறக்காது. சமையலறையைத் தாண்டும்போது தலையைக் குனியுங்கள். குறுக்கே கட்டிய நைலான் கயிற்றில் துணி காய வேண்டிய இடத்தில் தாள்கள் தொங்குகின்றன. துணிக்கு மாட்டும் அதே கவ்விகள்தான் தாளுக்கும். மை இன்னும் பளபளக்கிறது. முதல் தாளில் ஒரு சிறுமி இருட்டில் ஓடுகிறாள். இரண்டாவதில் ஓர் ஆடு நம்மையே உற்றுப் பார்க்கிறது. மூன்றாவதில் என்ன என்று சொல்லமாட்டேன், கதை கெட்டுவிடும்!

கடைசியில் உள்ளே விட்டுவிட்டார்கள்! குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர் லாயாங் லாயாங். சிறிய கடைத்தெரு, சுற்றிலும் செம்பனை. இந்த ஊரில், ஒரு தாமான் வரிசை வீட்டின் பின்னறையில், ஜப்பானிய மங்கா பாணியில் தமிழ்ப் படக்கதை ஒன்று தயாராகிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கெஞ்சிக் கேட்டு வாங்கிய அனுமதி இது. இரண்டே நிபந்தனைகள். எதையும் தொடக்கூடாது, யார் பெயரையும் எழுதக்கூடாது. அதனால் அறையில் எல்லோரும் கூப்பிடுகிறபடி நாமும் ஓவியரை அக்கா என்றே சொல்வோம்.

அறைக்குள் காலை வைத்ததும் முதலில் தாக்குவது புழுக்கம். ஜொகூர் மதியம், தகரக் கூரை, நான்கு பேர், மேலே ஒரு மின்விசிறி. ஆனால் அதன் சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டி ‘தொடாதே’ என்று எழுதியிருக்கிறது. காற்று அடித்தால் மை காயாத தாள் பறக்கும், ஓவியத்தின் மேல் ஒட்ட வெட்டிவைத்த டோன் துண்டுகள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். எனவே விசிறிக்குத் தடை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு துண்டு, வரைகிற கையின் மணிக்கட்டுக்குக் கீழே இன்னொரு துண்டு. வியர்வை ஒரு சொட்டு தாளில் விழுந்தால் கோடு பூத்துப் பரவிவிடும். அக்கா ஒரு பக்கம் முடிக்கும்போது அவர் துண்டைப் பிழிந்தால் ஒரு குவளை நிறையும் என்கிறான் அவர் தம்பி. அவர் துண்டைச் சுருட்டி அவன் மேல் எறிகிறார். அப்போதுகூட வலது கை தாளை விட்டு நகரவில்லை.

மேசையைப் பார்க்க வேண்டும் நீங்கள்! மைலோ டின்னில் பேனா முனைகள். ஜி-பென் என்று ஜப்பானிய ஓவியர்கள் சொல்லும் முனைதான் அதிகம். அழுத்தினால் விரிந்து தடித்த கோடு விழும், தளர்த்தினால் தலைமுடியளவுக்கு மெலியும். மைப்புட்டி கவிழாமல் இருக்க அதை ஒரு மங்குக்குள் வைத்துச் சுற்றிலும் பச்சரிசி கொட்டியிருக்கிறார்கள். அரிசியில் பாதி கறுத்துவிட்டது. நீலப் பென்சில்கள் ஒரு கட்டு. நீலக் கோட்டை ஸ்கேனரில் எளிதாக விலக்கிவிடலாம் என்பதால் முதல் வரைவு முழுவதும் நீலத்தில். தின்று முடித்த நாசி லெமாக் பொட்டலத் தாள் ஒன்று பேனா துடைக்கும் தாளாகப் பதவி உயர்ந்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே, கண்ணாடிக் கிண்ணத்தில், நிஜமான செம்பனை உதிரிப் பழங்கள் நாலைந்து. அவை ஏன் அங்கே என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புத்தகம் முப்பத்திரண்டு பக்கம், அட்டை தனி. நடுவில் மடித்துக் கம்பி தைக்கும் புத்தகம். நாளைக் காலை கோப்பு ஜொகூர் பாருவில் இருக்கும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தொங்குகிற தாள்களை எண்ணிப் பார்த்தால் இன்னும் ஆறு பக்கம் பாக்கி.

பக்கங்களைப் புரட்டிப் பார்க்க அனுமதி கிடைத்ததும் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. முதல் இரண்டு பக்கங்கள் வண்ணம், கடைசி இரண்டு பக்கங்களும் வண்ணம், நடுவில் இருபத்தெட்டும் கறுப்பு வெள்ளை. கலை நுட்பம் ஏதோ இருக்கிறது என்று ஆர்வமாகக் கேட்டேன். அக்கா ஒரு வெற்றுத்தாளை எடுத்து மடித்துக் காட்டினார். மடித்துத் தைக்கும் புத்தகத்தில் வெளித்தாளின் ஒரு பாதி முதல் இரண்டு பக்கம், மறுபாதி கடைசி இரண்டு பக்கம். கையிலிருந்த காசுக்கு ஒரே ஒரு தாளைத்தான் வண்ணத்தில் அடிக்க முடியும். கதையை அதற்கேற்ற மாதிரி வளைத்துவிட்டார்! தோட்டத்துச் சிறுமியின் ஆடு சாயங்காலம் தொலைகிறது, அந்த அந்திவானம் வண்ணத்தில். இரவு முழுவதும் செம்பனைக் காட்டுக்குள் தேடுகிறாள், அது கறுப்பு வெள்ளை. கடைசித் திருப்பத்தில் விடிகிறது, வண்ணம் திரும்பி வருகிறது. அச்சகத்து விலைப்பட்டியலிலிருந்து ஒரு கதை இப்படிப் பிறக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. படித்து முடித்தவர்களுக்கு இது காசு இல்லாமல் செய்த ஏற்பாடு என்று ஒருநாளும் தோன்றாது.

ஜப்பானிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ இதழ் 1990-களின் நடுவில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. தொலைபேசிப் புத்தகத் தடிமன், மலிவான மறுசுழற்சித் தாள், ஒரே மை. அந்த விலைக்கும் அந்த வேகத்துக்கும் வண்ணம் கட்டுப்படியாகாது. ஒரு தொடருக்கு வாரம் பத்தொன்பது பக்கம் வரைய வேண்டும், அதற்கு நாலைந்து உதவியாளர்கள். அதில் எப்போதாவது முகப்பில் சில பக்கங்கள் வண்ணத்தில் கிடைத்தால் அது பெரிய மரியாதை. புதுத் தொடருக்கும் வாசகர் வாக்கில் முன்னால் நிற்கும் தொடருக்கும் கிடைக்கும் மரியாதை. அதே பக்கங்கள் பிறகு தனிப் புத்தகமாகும்போது பெரும்பாலும் சாம்பலாகிவிடும்.

சரி, பின்மேசைக்கு வாருங்கள். இங்கேதான் சிரிப்புச் சத்தம் அதிகம்.

பின்மேசை தம்பியுடையது. அவன் வேலை கறுப்பு நிரப்புவது. அக்கா கோட்டோவியம் முடித்துத் தரும் பக்கத்தில் முழுக்கறுப்பாக வேண்டிய இடங்களில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். ஜப்பானிய ஓவியர்கள் உதவியாளர்களுக்கு வைக்கும் அதே அடையாளம். குறி இருக்கும் கட்டத்தைக் கோடு தாண்டாமல் தூரிகையால் நிரப்ப வேண்டும். முதன்முதலில் இந்தப் பக்கங்களைப் பார்த்த அக்காவின் அம்மா, பக்கம் முழுவதும் பெருக்கல் குறியாக இருப்பதைக் கண்டு, “என்னடி, இவ்வளவு தப்பு போட்டிருக்காங்க? யார் திருத்தினது?” என்று பதறினாராம். அன்றிலிருந்து இந்த வீட்டில் கறுப்பு நிரப்புவதற்கே “தப்புத் திருத்துறது” என்று பெயர். “தம்பி, எத்தனை தப்பு பாக்கி?” “பதினேழு தப்பு இருக்குக்கா!”

கதாநாயகிக்கு இடுப்பு வரை இரட்டைச் சடை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சடை. ஒவ்வொரு சடையும் கறுப்பு. “அக்கா, ஆடு கெடச்சா முருகனுக்கு மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டான்னு எழுதிடுங்களேன்” என்று தம்பி தினமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறான். இவனுக்கு ஒரு பெரிய ஆள் துணை இருக்கிறார். ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா தோரியாமா. நாயகன் கோக்குவின் தலைமுடியைக் கறுப்பால் நிரப்புவதிலேயே உதவியாளரின் நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு கோக்கு உச்ச பலம் பெறும் உருவத்துக்கு முடியைப் பொன்னிறமாக்கினார், அதாவது கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் வெறும் வெள்ளைத்தாள். மை மிச்சம், நேரம் மிச்சம். தோரியாமாவே சொன்ன காரணம் இது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் மயங்கிய அந்தத் தங்கமுடிக்குப் பின்னால் தம்பியைப் போல ஒருவரின் வலிக்கிற மணிக்கட்டு இருந்திருக்கிறது. தம்பி இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது முகம் அப்படிப் பிரகாசித்தது! “பாத்தீங்களா, அவர் உதவியாளர் மேல பாசமா இருந்தாரு” என்று அக்காவின் காதில் விழும்படி முடித்தான். அக்கா திரும்பாமலே அடுத்த பக்கத்தில் இன்னொரு பெருக்கல் குறி போட்டார்.

மூன்றாவது மேசையில் பக்கத்துத் தாமான் சீனப் பையன். தமிழ் பேசத் தெரியாது, ஆனால் “அக்கா” தெரியும், “சாப்டாச்சா” தெரியும், இந்த வீட்டு அம்மாவின் ரசம் எந்த நாளில் காரம் என்பதும் தெரியும். மற்றதெல்லாம் மலாய். இவன் டோன் நிபுணன். டோன் என்பது புள்ளிகள் அச்சிட்ட, பின்பக்கம் பசையுள்ள மெல்லிய படலம். ஓவியத்தின் மேல் வைத்து, தேவையான வடிவத்துக்குக் கத்தியால் மேலோட்டமாக வெட்டி, தேய்த்து ஒட்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கீழே இருக்கும் ஓவியமும் சேர்ந்து வெட்டுப்படும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறான். வெட்டி முடித்ததும் ஒரு பெருமூச்சு. இப்படியே நாள் முழுக்க.

அந்தத் துண்டுகள் போகாத இடம் இல்லை. தரையில், முழங்கையில், பூனையின் வாலில். ஒருமுறை முன்கையில் புள்ளித்துண்டு ஒட்டியபடியே வேலைக்குப் போய், என்ன தோல்வியாதி என்று முதலாளி கேட்கும்வரை இவனுக்குத் தெரியாதாம். ஜப்பானில் இன்று பெரும்பாலோர் கணினியில் ஒரு சொடுக்கில் டோன் போட்டுவிடுகிறார்கள். இந்த அறையிலும் கணினி இருக்கிறது. இருந்தும் இந்தப் புத்தகத்தைக் கையால்தான் முடிப்பது என்று அக்காவுக்குப் பிடிவாதம். அவர் சேர்த்துவைத்த டோன் தாள்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன, அதைத் தீர்க்காமல் ஓயமாட்டார்.

ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, மூக்கருகே வைத்துப் பார்க்கச் சொன்னான் பையன். வெறும் கறுப்புப் புள்ளிகள். கையை நீட்டிப் பார்க்கச் சொன்னான். பனிமூட்டம்! செம்பனை வரிசைகளுக்கு நடுவே விடியலுக்கு முந்தைய பனி. இந்தப் பக்கத்துக்கு அச்சகத்தில் கறுப்பு மை ஒன்றுதான், சாம்பல் என்று ஒரு மை கிடையாது. பனியை நம் கண்ணே உண்டாக்கிக்கொள்கிறது. நான் கையை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவே மனசில்லை எனக்கு.

இப்போது இந்த அறையிலேயே பெரிய சண்டை நடந்த விஷயத்துக்கு வருகிறேன். கதாநாயகியின் நிறம்.

கறுப்பு வெள்ளை மங்காவில் தோலை வழக்கமாக வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். ஜப்பானியர், ஐரோப்பியர், கற்பனைக் கிரகவாசி எல்லோருக்கும் முகத்தில் வெறும் தாள்தான். அக்காவின் நாயகியோ தோட்டத்து வெயிலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. முகத்தை வெள்ளையாக விட்டால் வேலை சுலபம், பக்கமும் பளிச்சென்று இருக்கும். டோன் போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் முகம், கழுத்து, இரண்டு கை, இரண்டு கால் என்று தனித்தனியாக வெட்டி ஒட்ட வேண்டும். இருபத்தெட்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். கணக்கைப் போட்டுப் பார்த்த பையன் தலையில் கை வைத்துக்கொண்டானாம். அதோடு இரவுக் காட்சியில் கரிய முகம் பின்னணியில் கரைந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. முதலில் வெள்ளையாகவே விட்டு மூன்று பக்கம் முடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை அம்மாவிடம் காட்டியபோது அவர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, “இந்தப் புள்ள யாரு, டவுன் புள்ளயா?” என்று கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான். மூன்று பக்கத்தையும் அக்கா முதலிலிருந்து வரைந்தார்.

இப்போது நாயகியின் முகத்தில் மெல்லிய புள்ளி டோன் இருக்கிறது. முகம் இருட்டில் கரையாமல் இருக்க, மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் நெற்றியிலும் கத்தி முனையால் புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிலா வெளிச்சம் விழுந்து வியர்வை மின்னுகிறது. சுரண்டும் வேலையை அக்கா யாருக்கும் தருவதில்லை. அவர் குனிந்து, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒரு கன்னத்தைச் சுரண்டுவதை அருகில் நின்று பார்த்தேன். அறையில் நாங்கள் நான்கு பேரும் அந்த நேரம் பேசவில்லை. முடிந்ததும் தாளைத் தூக்கிக் காட்டினார். எட்டிப் பார்த்த அம்மா, “அட, எங்க பெரியம்மா சின்னப்புள்ளயில இப்படித்தான் இருப்பாங்க!” என்றார். கடையில் புத்தகத்தைத் தூக்கிப் பார்க்கும் யாருக்கும் இந்த மூன்று பக்கக் கதை தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் மலேசியக் கார்ட்டூன் ஓவியர் லாட்டை நினைக்காமல் இருக்க முடியாது. அலமாரியில் அவருடைய ‘கம்போங் பாய்’ முதுகு கிழிந்து நிற்கிறது. 1979-இல் வந்த புத்தகம், கறுப்புக் கோடுகள் மட்டும். லாட் டோன் ஒட்டித் தோலுக்கு நிறம் தருவதில்லை. ஆனாலும் மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று மூக்கிலும் நடையிலும் நிற்கிற நிலையிலுமே சொல்லிவிடுகிறார். அது லாட்டின் கை. அக்காவின் கை வேறு, அவர் புள்ளிகளை நம்புகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நிமிடம் எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகப் பிடித்தது.

நான்கு மணிக்குத் தேநீர். இதற்காக மட்டும் எல்லோரும் அறையை விட்டு வெளியே வருகிறார்கள், ஏனென்றால் மேசையருகே எந்தத் திரவத்துக்கும் அனுமதி இல்லை. பின்கட்டில் தே தாரேக், வாழைப்பழப் பொரியல், காற்று! அக்காவின் அக்கா மகள், ஏழு வயதுக்காரி, பள்ளியிலிருந்து வந்து உட்கார்ந்தாள். அவள் கையில் ‘கெம்பாக் ஸ்டார்ஸ்’ வெளியிட்ட ‘எக்ஸ்-வெஞ்சர்’ டைனோசர் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் முழுவண்ணம். மலேசியப் பிள்ளைகளின் புத்தகப்பையில் இந்த வரிசைக்குத் தனி இடம் உண்டு. 2015-இல் ஜப்பானின் கடோகாவா நிறுவனமே இந்தப் பதிப்பகத்தின் பெரும்பங்கை வாங்கியது. கறுப்பு வெள்ளைக்குப் பேர்போன நாட்டுக்காரர்கள் வண்ணத்தில் அச்சடிக்கும் மலேசியக் கடையைத் தேடி வந்தார்கள். குட்டிப்பெண்ணிடம் சித்தியின் பக்கங்கள் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “கலர் அடிக்க மறந்துட்டாங்க” என்றாள். சித்தி விழுந்து சிரித்ததில் தேநீர் கொட்டியது. நல்லவேளை, பின்கட்டில்!

அக்காவின் அப்பா விடவில்லை. ஓய்வு பெற்ற செம்பனை லோரி ஓட்டுநர் அவர். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்தார். டின்னுக்குள் தமிழ்நாட்டிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து. மேலாக இருந்தது இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த நாயகன். மூலம் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962-இல் தொடங்கிய கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். “இதுக்குக் கலர் வேணுமா? சொல்லு பாப்பா” என்று பேத்தியிடம் ஒரு கட்டத்தைக் காட்டினார். முழு இருட்டு, நடுவில் வெளிறிய ஒரு கை. பாப்பா அதை வெகுநேரம் பார்த்தாள். “தாத்தா, மத்த உடம்பு எங்க?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அப்பா முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது.

அதன்பின் பின்கட்டு முழுவதும் வழக்காடு மன்றமாகிவிட்டது. லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இரண்டும் 2012-க்குப் பிறகு வழவழப்பான தாளில் முழுவண்ணத்துக்கு வந்ததையும், டெக்ஸ் வில்லர் போன்ற இத்தாலிய கௌபாய்க் கதைகள் மட்டும் இன்னும் நிறைய கறுப்பு வெள்ளையில் வருவதையும் அப்பா விவரமாகச் சொன்னார். தம்பி பழைய ‘முத்தியாரா நாகா’வைத் தூக்கிக்கொண்டு வந்தான், டிராகன் பாலின் மலாய்ப் பதிப்பு. சீனப் பையன் மட்டும் வண்ணக் கட்சி. அவன் ஆயுதம் ‘அகிரா’. கட்சுஹிரோ ஒட்டோமோ கறுப்பு வெள்ளையில் வரைந்த அந்தத் தொடரை அமெரிக்காவில் மார்வெலின் எபிக் பிரிவு 1988 முதல் வண்ணத்தில் வெளியிட்டது. ஸ்டீவ் ஓலிஃப் கணினியில் வண்ணம் தீட்டினார், ஒட்டோமோவே ஒப்புக்கொண்டு நடந்த வேலை. கணினி வண்ணம் காமிக்ஸுக்குள் நுழைந்த ஆரம்ப காலம் அது. தன் கைப்பேசியில் இரண்டு வடிவங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினான். வண்ணத்தில் நகரத்து விளக்குகள் எரிகின்றன, உண்மைதான். ஆனால் கறுப்பு வெள்ளையில் அந்த மோட்டார் சைக்கிள் இன்னும் வேகமாகப் போகிறது என்றான் தம்பி. நானும் அப்படித்தான் பார்த்தேன். வண்ணப் பக்கத்தில் கண் நின்றுவிடுகிறது, கறுப்புப் பக்கத்தில் ஓடுகிறது. ஆடு தேடி ஓடும் சிறுமிக்கு எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபடி உள்ளே. வெளிச்சம் மங்குவதற்குள் வண்ணப் பக்கம் முடிய வேண்டும். வண்ணம் மட்டும் கணினியில். கிண்ணத்து உதிரிப் பழங்களின் வேலை இங்கேதான். முதல் பக்கத்தில் சிறுமி கையில் ஏந்தியிருக்கும் பழத்துக்கு அக்கா கொழுந்துவிட்டு எரிகிற ஆரஞ்சு போட்டிருந்தார். அப்பா பார்த்துவிட்டு, “இது பழமில்ல, ஆரஞ்சு மிட்டாய்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கை நிறையக் கொண்டுவந்து கொட்டினாராம். பழுத்த பழத்தின் தலைப்பக்கம் கறுத்திருக்கும், அடிப்பக்கம்தான் செம்மஞ்சள். வண்ணப் பக்கத்துக்கே கறுப்பு வேண்டியிருக்கிறது, பாருங்கள்! இன்னொரு தொல்லையும் உண்டு. திரையில் ஜொலிக்கிற ஆரஞ்சு நான்கு மைகளில் அச்சாகும்போது அவிந்துவிடும். எனவே அச்சக மாதிரித் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, திரையைப் பார்க்காதே, தாளைப் பார் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நிறத்தைக் கூட்டிக் குறைக்கிறார். நாயகியின் தோலுக்கு மட்டும் பதினோரு மாதிரி பழுப்புக் கட்டங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையைத் திரையருகே நீட்டச் சொல்லி ஒப்பிட்டார். “சீக்கிரம் பாருடி, குழம்பு அடிபிடிக்குது” என்று அம்மா கத்தியதோடு பழுப்பு முடிவானது.

அடுத்து சத்தம். தமிழ் எழுத்தில் ஒலிகளை வரைவது அக்காவுக்கு மிகப் பிடித்த வேலை. மழையின் ‘சோ’ பக்கம் முழுக்க நீளமாக இறங்குகிறது. செம்பனைக் குலை மரத்திலிருந்து விழும் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. ‘தொப்’ என்றான் தம்பி. ‘படார்’ என்றேன் நான், உற்சாகம் தாங்காமல். சீனப் பையன் மேசையை ஒரு குத்து விட்டான், அவனுக்கு அந்தச் சத்தம்தான். வாசல்படியிலிருந்து அப்பா அமைதியாகச் சொன்னார். “தொம். முதல்ல தொம். அப்புறம் உதிரி சிதறும், சரசரன்னு.” நாற்பது வருடம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த மனிதர். கட்டத்தில் ‘தொம்’ ஏறியது, முழுக்கறுப்பில், கனமாக. கீழே சின்னச் சின்னதாக ‘சர சர சர’.

பிறகு, இரவு உணவுக்குப் பின், அந்த விபத்து.

பதினேழாம் பக்கம். முழுப்பக்க இரவு. மேலே நிலா, கீழே சின்னதாகச் சிறுமி. வானம் முழுவதும் கறுப்பு நிரப்ப வேண்டும், தம்பி களைத்துவிட்டதால் சீனப் பையன் தூரிகையை வாங்கிக்கொண்டான். களைப்பு அவனுக்கும்தான். “ஆலாமாக்!” என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் நிலாவும் கறுப்பு. வானத்தோடு சேர்த்து நிரப்பிவிட்டான். அவன் முகம் தாளைவிட வெளுத்துவிட்டது. வெள்ளை மை பூசி மீட்கலாம், ஆனால் அது தடித்துத் தெரியும், காயவும் நேரமாகும். அக்கா தாளை எடுத்து, வாசல் விளக்குக்குக் கீழே கொண்டுபோய், கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து பையன் தலையில் செல்லமாக ஒரு தட்டு. நீலப் பென்சிலை எடுத்துப் பேச்சுக் குமிழிக்குள் இருந்த வசனத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். சிறுமி இப்போது மேலே பார்த்து, நிலாவையும் யாரோ பிடித்துக் கட்டிவிட்டார்களா என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறாள். அடுத்த பக்கத்தில் மேகம் விலகி நிலா வருகிறது, அது ஏற்கெனவே வரைந்த நிலாதான். நான் கைதட்டிவிட்டேன்! சத்தியமாகச் சொல்கிறேன், பழைய பக்கத்தைவிட இது நன்றாக இருக்கிறது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தட்டு ரசச் சோறு சாப்பிட்டான்.

ஸ்கேனர் ஓட ஆரம்பித்தபோது விசிறிச் சுவிட்சின் மேலிருந்த டேப்பைத் தம்பி உரித்தான். அறையே ஆரவாரம் செய்தது. டோன் துண்டுகள் கூரை வரை பறந்தன, யாரும் கவலைப்படவில்லை. கோப்பு கிளம்பியது விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்.

டிசம்பரில் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடக்கும் ‘காமிக் பியெஸ்டா’வில் ஒரு சின்ன மேசையில் இந்தப் புத்தகம் இருக்கும். 2002-இல் தொடங்கிய விழா அது. கூட்டம் பெரும்பாலும் வண்ணச் சாவிக்கொத்துக்கும் பளபளக்கும் சுவரொட்டிக்கும்தான் கை நீட்டும், அவற்றை வாங்குங்கள், அதில்தான் அடுத்த புத்தகத்துக்கு மை வாங்குகிறார்கள். கூடவே அந்த மெல்லிய கறுப்பு வெள்ளைப் புத்தகத்தையும் எடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூக்கருகே வைத்து ஒருமுறை, கையை நீட்டி ஒருமுறை. பிடித்திருந்தால் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களிடம், இந்தக் கறுப்பை நிரப்பியது யார் என்று கேளுங்கள். ஒரு பையன் கையைத் தூக்குவான், அவனிடம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.